பெயர் கடைசியில்

கருமாத்தூர் பால் சொசைட்டியில்
விடியற்காலை ஐந்தேகாலுக்கு மெஷின் கக்குவது இவ்வளவுதான்:
எண், ஒரு கோடு, பெயர், ஒரு கோடு,
காலைப் பால், கோடு, மாலைப் பால், கோடு, கொழுப்பு, கோடு, தொகை.
இருநூற்றுப் பதினான்கு வரி.
வேலி போட்ட வயல் என்று நினைத்துவிடாதீர்கள்.
ஆடு புகுந்த வேலி.

முதல் வாரம் அதை அப்படியே அச்செடுத்துச் சுவரில் ஒட்டினேன்.
பெயரெல்லாம் அப்போது இங்கிலீஷ் எழுத்தில்.
அவரவர் எண்ணைத் தேடி
தலைப்பிலிருந்து விரலை இறக்கிப் படிப்பார்கள்.
விரல் நேராகத்தான் இறங்கியது,
எண்கள்தான் நேரில் இல்லை.
"ஆறு லிட்டரு ஊத்துனேன், நாலு புள்ளி ரெண்டுன்னு போட்டுருக்க.
மிச்சத்த நீ குடிச்சியா?"
பவுன்தாய் கேட்டது செக்கானூரணி வரைக்கும் கேட்டிருக்கும்.

அன்று ராத்திரி ஷெல்லைத் திறந்தேன்.
கறுப்புத் திரை, ஒரு டாலர் குறி, சிமிட்டும் கட்டை.
பத்தி பிரித்துத் தரும் கட்டளைக்குப் பெயர்
எங்கள் வாயில் காலம்.
'இந்தக் கோடுதான் பிரிப்பான்' என்று அதற்குச் சொல்லி
கோட்டை மேற்கோளுக்குள் அடைத்தேன்.
அடைக்காமல் விட்டால் குழாய் என்று நினைத்துக்கொள்ளும் ஷெல்,
பாலை எங்கேயோ கொண்டுபோய் ஊற்றும்.
எண்டர்.
வரிசைக்கு வைத்த கேன்கள் மாதிரி
எண்கள் எழுந்து நின்றன.
நிம்மதியாகத் தூங்கினேன்.

காலையில் விருமாயி வந்தாள். சண்டைக்கு இல்லை.
"சாயந்தரம் நான் ஊத்தலையே தம்பி,
மாடு வத்துது, ஒரு நேரந்தான் கறக்குது.
நாலு புள்ளி ஒண்ணு லிட்டருன்னு போட்டுருக்கியே."

திரையில் போய்ப் பார்த்தேன்.
இரண்டு கோடு ஒட்டிக்கொண்டு, நடுவில் ஒன்றுமில்லை.
எங்கள் பழைய கணினியில் காலம்
காலியிடத்தை விழுங்கிவிடும்.
கொழுப்பை இடப்பக்கம் ஒரு கட்டம் தள்ளி
லிட்டரில் உட்கார வைத்திருந்தது.
வரிசை நூல் பிசகவில்லை.
வாங்காத பாலுக்கு அவ்வளவு அழகான கணக்கு.

இரண்டு கோடு சேர்ந்து வந்தால்
நடுவே ஒரு சிறுகோடு போடு என்று எழுதினேன்.
மூன்று ஒட்டியிருந்தால் ஒரு தடவை ஓட்டினால் போதாது,
இரண்டு தடவை ஓட்டவேண்டும்:
இது தெரிந்தது ஒச்சம்மாள்
மகள் பிரசவத்துக்கு உசிலம்பட்டி போன அன்று.

எல்லாம் சரியானபோது செயலாளர் தவசி சொன்னார்,
"பேரத் தமிழ்ல போடுப்பா."

மொக்கச்சாமி.
கண்ணுக்கு ஆறு எழுத்து.
ஆக் எண்ணினால் பதினொன்று:
புள்ளி தனி, கொம்பும் காலும் தனி, சுழி தனி.
ஷெல்லின் பிரிண்ட்எஃப் எண்ணினால் முப்பத்து மூன்று.
பெயருக்கு இருபது இடம் ஒதுக்கியிருந்தேன்.
மனுஷன் மதில் தாண்டிப் பக்கத்துக் கட்டத்தில் நின்றார்.
எண்ணிக்கையைத் திருத்தினாலும்
ரகரம் ஒல்லி, ணகரம் அகலம்,
அச்சில் எந்த இரண்டு பேரும் ஒரே அளவில் நிற்கவில்லை.

மூன்று ராத்திரி போனது.
நான்காம் ராத்திரி பெயரைத் தூக்கி
வரியின் கடைசியில் போட்டேன்.
எண்கள் முன்னால், வலது ஒட்டி, புள்ளிக்கு நேர் புள்ளி.
பெயருக்குப் பின்னால் எதுவும் இல்லை,
எவ்வளவு வேண்டுமானாலும் நீளட்டும்.

"எம் பேரு ஏன்யா கடைசியில?" என்றார் மொக்கச்சாமி.
"அளக்கத் தெரியலண்ணே."
கொஞ்ச நேரம் தாளையே பார்த்தார்.
"எல்லாருக்கும் கடைசிதான?"
"எல்லாருக்கும்."
"அப்பச் சரி."

விருமாயி தன் எண்ணைக் கண்டுபிடித்து
வரியோடு விரலை நகர்த்தினாள்.
காலை, மூன்று புள்ளி எட்டு.
மாலை, ஒரு சிறுகோடு.
விரல் அதில் நின்றது.
"இதான் எம் மாடு" என்றாள்.